தரவுத்தள அட்டவணைச் சரிபார்ப்பும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும்

தரவுத்தள அட்டவணைச் சரிபார்ப்பு என்பது கணினியில் சேமித்துள்ள அட்டவணைகள் சிதைந்துள்ளனவா, பதிவுகளில் பிழை உள்ளதா என்று ஆராய்வதாகும். திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் துணி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எனப் பல இடங்களுக்குச் செல்கிறது. இவற்றில் பல, கூலிக்கு வேலை செய்யும் தனித்தனி நிறுவனங்கள். யாரிடம் எத்தனை கிலோ துணி உள்ளது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதற்குப் பதிவேடே சான்று. அது சிதைந்தால் கூலியும் சரக்கும் வழக்காகிவிடும்.

தொடக்க காலம்

1980களில் டிபேஸும், 1989இல் வெளிவந்த ஃபாக்ஸ்புரோவும் சிறு நிறுவனங்களில் பரவின. இவற்றின் கோப்புத் தலைப்பில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அந்த எண்ணிக்கையும் உள்ளிருக்கும் பதிவுகளும் முரண்படக்கூடும், இன்டெக்ஸும் கெடலாம். ரீஇன்டெக்ஸ் கட்டளை இன்டெக்ஸை மட்டுமே மீண்டும் கட்டும். எழுதப்படாத பதிவை மீட்காது.

ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகமும் வழங்கிவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தமது கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவை அதை உருவாக்கச் சொன்னார். 1986இல் தொடங்கிய அம்முயற்சியே பின்னர் டேலி ஆனது. டேலி பழைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தரவு முழுவதும் மறுபடி எழுதப்படும். அதற்கு முன் நகல் எடுத்துக்கொள்வது கட்டாயப் பழக்கமாக இருந்தது.

பழுதுபார்ப்பிலிருந்து தடுப்புக்கு

1995இல் தோன்றிய மைஎஸ்கியூஎல், அட்டவணையைச் சோதிக்கவும் பழுதுபார்க்கவும் தனிக் கட்டளைகளைப் பெற்றது. 2010இல் வெளியான 5.5 பதிப்பில் இன்னோடிபி இயல்புநிலை ஆனது. இது மாற்றத்தை முதலில் குறிப்பேட்டுக் கோப்பில் எழுதும். மின்சாரம் நின்று திரும்பினால், முடிந்த பரிமாற்றங்களை அதைக்கொண்டு நிறைவேற்றி, முடியாதவற்றை நீக்கும். 2012இல் தமிழ்நாடு கண்ட கடும் மின்வெட்டு போன்ற சூழலில் இத்தகைய பாதுகாப்பின் தேவை எளிதில் விளங்கும்.

எல்லைகள்

கட்டமைப்பு சரியாக இருப்பதும் கணக்கு சரியாக இருப்பதும் ஒன்றல்ல. சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி சென்று 94 கிலோ திரும்பியதாகக் கொள்வோம். அதை 49 என்று தட்டச்சு செய்தாலும் சோதனைக் கட்டளை அட்டவணையைச் சரி என்றே காட்டும். அனுப்பியவரின் சலானையும் பெற்றவரின் சலானையும் ஒப்பிட்டால்தான் அப்பிழை தெரியும். பேரேட்டுக் காலத்து இப்பழக்கத்திற்குக் கணினி மாற்றாகவில்லை.