இடிக்குமுன் ஒரு கேள்வி

1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ஒன்று சேர்ந்தன. அன்று முதல் அவ்வழியே பிழைப்பு நாடி வடக்கே சென்ற தமிழர் பலர். பின்னாளில் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள், அதன் குவிமாடத்தையும் கல்லிற் செதுக்கிய மயில்களையும் கொடிகளையும் அண்ணாந்து பார்த்து வியந்திருப்பர். ஆனால், அந்நிலையத்திற்கு மிக அருகில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்துள் ஒதுங்கி நிற்கும் பழங்கல் மதில் ஒன்றைக் கண்டவர் சிலரே. ஒரு காலத்தில் அந்நகரைக் காத்த கோட்டை அரணில் எஞ்சிய துண்டு அது. நாம் சொல்ல வந்த வரலாறு அம்மதிலருகே தொடங்குகிறது.

சர் பார்ட்டில் ஃபிரியர் 1862 முதல் 1867 வரை பம்பாயின் கவர்னராக இருந்தார். 1861இல் அமெரிக்காவில் மூண்ட உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. பம்பாய்ப் பருத்திக்குப் பெருவிலை கிடைத்தது. நகரில் பணம் பெருகியது. மதிலுக்குள் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காற்றுக்கும் வழியில்லை, வண்டிக்கும் வழியில்லை. போர்க்காலப் பயனும் அம்மதிலுக்கு அப்போது இல்லை. ஆகவே, மதிலை நீக்க ஃபிரியர் ஆணையிட்டார். அதற்கென ஒரு குழுவும் இயங்கியது. அக்குழுவின் வேலை மதிலைக் காப்பதன்று; அகற்றுவதே.

மதில் நீங்கிய வெளியிலும் அதன் அயலிலும் புதியதொரு நகரம் எழுந்தது. உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமும் 1878இல் நிறைவெய்தின. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த இரயில் நிலையம் 1878இல் தொடங்கி 1888இல் முடிவுற்றது. 2004இல் அந்நிலையமும், 2018இல் அப்பகுதியின் பிற கட்டடங்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன.

இதிலிருந்து விளங்குவது யாது? இன்று நாம் போற்றும் அழகு, முன்பிருந்த ஒன்றை இடித்ததனால் விளைந்தது. எனவே, நகரத்தில் எதையுமே இடிக்கலாகாது என்று வாதிப்பவருக்கு அந்நகரின் வரலாறே துணை நிற்காது. ஆயினும், மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். இடிப்பது எளிது, இடித்ததை மீட்பது இயலாது. ஆகையால், இடிப்பதா காப்பதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தக் கட்டடத்தை, இந்தக் காரணத்துக்காக மாற்றத்தான் வேண்டுமா என்று, கடப்பாரை விழுவதற்கு முன்னரே கேட்க ஒருவர் இருக்கின்றாரா என்பதே கேள்வி.

நெடுங்காலம் அத்தகையவர் எவரும் இருக்கவில்லை. பழஞ்சின்னங்களைக் காக்க 1904இல் ஒரு சட்டமும், நாடு விடுதலை பெற்றபின் 1958இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. கோட்டைகள், கோயில்கள், குகைகள் முதலியவற்றுக்கு அவை அரணாயின. எலிபெண்டாக் குகைகள் அவ்வகையிற் காக்கப்பட்டவையே. ஆனால், மனிதர் குடியிருந்து, கடை வைத்து, வழக்காடி, படித்துப் புழங்கும் கட்டடங்களின் நிலை வேறு. ஒரு நூலகத்தையோ, பழைய ஹோட்டலையோ, தூண்வரிசை அமைந்த கடைவீதியையோ அச்சட்டங்கள் பெரும்பாலும் எட்டவில்லை.

அக்குறையை நீக்கப் பம்பாயில் 1995ஆம் ஆண்டு ஒரு விதித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. இந்திய நகரங்களில் இவ்வகையில் அதுவே முதலாவது. அதே ஆண்டில் ஹைதராபாத்தும் அவ்வழியைப் பின்பற்றியது. பம்பாயில் அறுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்களும் இடங்களும் பட்டியலில் இடம்பெற்று, மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டன. நாட்டுக்கே பெருமை தருபவை முதல் தரம். அவற்றை வலுப்படுத்தி ஆயுளை நீட்டிப்பதற்குத் தேவையானால் அன்றி, உள்ளும் புறமும் எதையும் மாற்றலாகாது. வட்டாரச் சிறப்புடையவை இரண்டாம் தரம். அவற்றின் உட்புறத்தைக் காலத்துக்கேற்பத் திருத்தலாம், வெளித்தோற்றத்தைப் பேண வேண்டும். தெருவுக்கு ஓர் அமைதியான முகத்தை நல்குபவை மூன்றாம் தரம். அவற்றில் மாறுதலுக்கு இடம் மிகுதி.

பட்டியலில் உள்ள கட்டடத்தின் உரிமையாளர் அதை இடிக்கவோ, உயர்த்தவோ, மாற்றவோ விரும்பினால் வரைபடத்துடன் மாநகராட்சிக்கு மனுச் செய்கிறார். மாநகராட்சி அதைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கருத்துக்கு அனுப்புகிறது. கட்டடக் கலைஞர், கட்டுமானப் பொறியாளர், நகர வரலாறு அறிந்தவர் ஆகியோர் அக்குழுவில் அமர்கின்றனர். தூண் உண்மையிலேயே தளர்ந்துவிட்டதா? புதிய மாடி பழைய கூரையின் தோற்றத்தை மறைக்குமா? இடிப்பதன்றி வேறு வழியில்லையா? இவற்றை ஆராய்ந்து குழு பரிந்துரை செய்கிறது, முடிவெடுப்பவர் கமிஷனர். ஆகவே, குழுவினர் நீதிபதிகள் அல்லர். கேள்வி கேட்கும் கடமை பூண்டவர்கள்.

அக்கேள்வியால் விளைந்த நன்மைக்குத் தாதாபாய் நௌரோஜி வீதி ஒரு சான்று. கமானும் தூணும் வரிசையாய் அமைந்த அவ்வீதியில், கடைப் பலகைகள் அளவின்றிப் பெருகிச் சிற்ப வேலைகளை மறைத்திருந்தன. கடைகளை அகற்ற எவரும் முயலவில்லை. பலகை இன்ன அளவில், இன்ன இடத்தில் அமையட்டும் என்று கடைக்காரர்களுடன் கூடிப் பேசி ஒழுங்கு செய்தனர். வாணிகமும் நின்றுவிடவில்லை, வீதியின் முகமும் மீண்டும் தெரிந்தது. அம்முயற்சிக்கு 2004இல் யுனெஸ்கோவின் பரிசு கிட்டியது.

ஆனால், பட்டியலில் ஒரு பெயரை எழுதிவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. வாட்ஸன் ஹோட்டலின் கதை இதை உணர்த்தும். 1860களில் எழுந்த அக்கட்டடத்தின் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. 1896 ஜூலை 7ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான். பிற்காலத்தில் ஹோட்டல் மறைந்தது. கட்டடம் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, எஸ்பிளனேடு மேன்ஷன் என்ற பெயரில் வக்கீல்களின் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்ததாயிற்று. உயர்ந்த தரத்தில் பட்டியலிடப்பட்டிருந்தும், 2005இல் அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்து உயிர்ப்பலியும் நேர்ந்தது. 2019இல் அங்கிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். பழுது பார்க்க இயலாத நிலை என்றது பொறியியல் ஆய்வொன்று. காக்க இயலும் என்றனர் பாதுகாப்பு வல்லுநர். வழக்கு நீதிமன்றம் ஏறியது.

இந்நிலை ஏன் நேர்ந்தது? 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940இல் இருந்த வாடகையையே நிலையாக்கியது. போருக்குப் பின் வீடின்றித் தவித்த மக்களைக் காக்க எழுந்த நல்ல சட்டம் அது. ஊர்விட்டு வந்து குமாஸ்தா வேலையில் அமர்ந்த குடும்பங்கள் பெருநகரில் காலூன்ற அது துணை செய்தது. ஆயினும், விலைவாசி உயர உயர வாடகை மட்டும் அசையாது நின்றது. சில ரூபாய் வாடகை பெறும் உரிமையாளர் பல்லாயிரம் செலவிட்டு உத்தரம் மாற்ற முன்வருவாரா? தமக்குச் சொந்தமல்லாத வீட்டுக்குக் குடியிருப்பவர்தாம் செலவிடுவாரா? பழைய கட்டடங்களிடம் செஸ் வரி பெற்றுப் பழுது பார்க்க 1969இல் ஒரு வாரியம் அமைக்கப்பட்டும் தேவை தீரவில்லை. 1999இல் புதிய வாடகைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பழைய கட்டடத்தை இடித்துக் குடியிருந்தவர்க்குப் புதிய வீடளிப்போர், மேலும் பல மாடிகள் எழுப்பி விற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையும் விரிவாக்கப்பட்டது. பழுது பார்த்தால் நட்டம், இடித்தால் இலாபம் என்று கணக்கு மாறிற்று. அக்கணக்கின் எதிரே குழுவின் கேள்வி மட்டும் எம்மட்டில் நிற்கும்?

2012இல் பட்டியலை விரிவாக்கும் முன்வரைவு வெளியானபோது, சிவாஜி பார்க் முதலிய பகுதிகளில் குடியிருந்தோர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்கள் அழகை வெறுப்பவர் அல்லர். பட்டியலில் ஏறிவிட்டால் ஒழுகும் கூரையின் கீழேயே காலமெல்லாம் இருக்க நேருமோ என்று அஞ்சினர். அவ்வச்சத்தை எள்ளி நகைப்பது முறையாகாது. ஊர் முழுவதும் கண்டு மகிழும் கட்டடத்தின் சுமையை, அதில் வாழும் பத்துக் குடும்பங்களே தாங்க வேண்டும் என்பது நீதியன்று. விதிகளில் இதற்கு ஒரு வழி உண்டு. பட்டியலிட்டதால் கட்டும் உரிமையை இழந்தவர், அவ்வுரிமையைச் சான்றிதழாகப் பெற்று, விதி இடந்தரும் வேறிடத்தில் பயன்படுத்தலாம், அல்லது விற்கலாம். அப்பணம் பழைய சுவருக்கே திரும்புமாறு செய்வதில்தான் ஆட்சியின் திறம் விளங்கும்.

ஆகவே, ஆராயும் குழு இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இதை இடித்தால் நகரம் எதை இழக்கும்? இதைக் காத்தால் அச்செலவை யார் ஏற்பார்? முதற் கேள்வியை மட்டும் கேட்டால் கட்டடம் தானே சரியும். இரண்டாவதை மட்டும் கேட்டால் கடப்பாரையால் சரியும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவலாம். நாம் வந்து குடியேறியவர்கள், ஊர் விவகாரம் ஊராருடையது என்று ஒதுங்கும் இயல்பு நம்மிடம் உண்டு. ஆனால், முன்வரைவு வெளியாகும்போது குறித்த காலத்துக்குள் ஆட்சேபமும் ஆலோசனையும் எழுதித் தரும் உரிமை, அங்கே பிறந்தவர்க்கு மட்டும் உரியதன்று. மாட்டுங்காவிலும் தாராவியிலும் மூன்று தலைமுறை வாழ்ந்தவரின் நினைவும் அந்நகரின் வரலாறே. எந்த மாடத்தில் யார் பள்ளி நடத்தினர், எந்தக் கூடத்தில் முதல் சங்கம் கூடிற்று என்பவை வரைபடத்தில் இரா. வாழ்ந்தவர் சொன்னாலன்றிக் குழு அறியாது.

மருத்துவமனை வளாகத்தில் எஞ்சிய அம்மதில் துண்டு நமக்கு உணர்த்துவதும் இதுவே. முழு மதிலும் நின்றிருந்தால் நகரம் வளர்ந்திராது. ஒரு கல்லும் எஞ்சாதிருந்தால், அங்கு ஒரு மதில் இருந்ததையே நாம் நம்பியிருக்கமாட்டோம். எதை விடுவது, எதை வைப்பது என்பதை விலை பேசுபவர் மட்டும் தீர்மானித்தலாகாது. அங்கே வாழ்பவரும் கூடியிருந்து தீர்மானித்தல் வேண்டும்.