லிந்துலை லயங்கள்: குடியிருப்பும் குடியுரிமையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளில் மட்டும் தேடுவார்க்கு அதன் ஒரு பாதியே புலனாகும். மறுபாதி குடிமக்கள் உறங்கிய கூரைகளின் கீழ்க் கிடக்கின்றது. தலவாக்கலையை அடுத்துள்ள லிந்துலைத் தேயிலை மலைகளில் நிற்கும் லயங்கள் அம்மறுபாதியைச் சேர்ந்தவை.

லயம் நிலைத்த வாழ்வுக்கென எழுந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்தினின்று வந்து, பழம் பறித்து மீளும் தொழிலாளர் சில திங்கள் தங்குவதற்கே அத்தகைய நீண்ட கொட்டில்கள் அமைந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பெற்ற தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு நிலைத்தனர். வாழ்வு மாறியும் வதிவிடம் மாறவில்லை. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒற்றைக் காம்பிராவும் சிறு இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் இருப்பிடமாயின. மேட்டிலே துரை பங்களா, தாழ்விலே லயம் என்னும் அமைப்பே தோட்டத்தின் அதிகார வரிசையைக் காட்டிற்று.

எனினும் இடநெருக்கடியினும் பெரிய குறை ஒன்றுண்டு. காம்பிரா வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போயின் வீடும் போகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை இலங்கையிற் பிறந்தமை முதலியவற்றிற்குச் சான்று வேண்டியபொழுது, தலைமுறைகளாக ஒரே லயத்தில் வாழ்ந்தோரும் காட்டுதற்கு ஏடின்றி நின்றனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது.

1975இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. உடையவர் மாறினும் காம்பிராவின் நிலை மாறவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று; காணியுரிமையோ பின்தங்கியது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபின், தனிவீட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. அதன்பின் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழலாயின. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் தொடங்கப்பெற்றன. மேலும் 10,000 வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன.

ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆகும். அதனுள் 7 பேர்ச் சிறிதேயாம். ஆயினும் காணி உறுதி கைவரப்பெற்றவன், தோட்டத்தில் வேலை செய்யினும் செய்யாதொழியினும், தன் வீட்டிலேயே இருப்பான். சுவர் எழுப்புதல் கொத்தர் தொழில். உறுதி வழங்குதல் அரசின் கடன். அக்கடன் தீரும் நாளிலேதான் லயத்தின் வரலாறு முடிவுறும்.