தாராசுரம்: கல்லில் எழுதிய திருத்தொண்டர் புராணம்

திருச்சிற்றம்பலம்

சோழநாட்டுத் தலயாத்திரையை மேற்கொள்ளும் அடியார்கள் குடந்தை மாநகரை அடைந்ததும் கையிலே ஒரு பட்டியலை எடுத்துக் கொள்கின்றனர். பாடல் பெற்ற தலங்கள் இத்தனை, ஒன்பான் கோள்களுக்குரிய தலங்கள் இத்தனை என்று எண்ணி, ஒரு பகற்பொழுதுக்குள் அத்தனையும் தொழுதுவிட வேண்டுமென்று விரைகின்றனர். அவ்வாறு விரையும் ஊர்திகள், குடந்தைக்கு மேற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரிசிலாற்றின் பக்கத்தே உள்ள ஓர் ஊரைத் திரும்பிப் பாராமலே கடந்து விடுகின்றன. அவ்வூரே தாராசுரம். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், "அது பாடல் பெற்ற தலம் அன்றே, சிற்பம் பார்ப்பவர்கள் செல்லும் இடமன்றோ?" என்று விடை வருகிறது.

இவ்விடையின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பொருந்தாது. மூவர் முதலிகள் வாழ்ந்த காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் எழுந்த திருக்கோயிலாதலின் தாராசுரத்துக்குத் தேவாரப் பதிகம் இல்லை. ஆனால் பாடியவர்களையும், பாடப்பட்ட அடியார்களையும், அப்பாடல்களைப் பண்ணோடு ஓதியவர்களையும் ஒருங்கே தன் சுவர்களில் தாங்கி நிற்கும் கோயில் இதுவேயாகும். பாடல் பெறாத கோயில், பாடலையே உடலாகப் பெற்ற கோயிலாக விளங்குகிறது. இதனைச் சைவர்களாகிய நாம் அறியாதிருப்பது பெரிய இழப்பென்க.

வரலாற்றைச் சிறிது காண்போம். தஞ்சைப் பெருங்கோயிலை முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்தான். அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலை எடுப்பித்தான். இவ்விரண்டும் கருவூர்த்தேவரின் திருவிசைப்பாப் பெற்றன. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1146 முதல் 1173 வரையிலான காலத்தை ஒட்டி ஆட்சி புரிந்த இரண்டாம் இராசராசன், அன்றைய பழையாறை மாநகரின் ஒரு பகுதியாக இராசராசபுரம் என்னும் ஊரை அமைத்து, ஆங்கே இராசராசேச்சரம் என்னும் இத்திருக்கோயிலை எழுப்பினான். தஞ்சைக் கோயிலுக்கும் இப்பெயரே வழங்கிற்று. இரண்டையும் மயங்குதல் கூடாது. இராசராசேச்சரம் என்னும் பெயர் மக்கள் நாவில் இராராசுரம் எனத் தேய்ந்து, பின்னர்த் தாராசுரம் ஆயிற்று. பின்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன் திரிபுவனத்தில் கம்பகரேசுவரர் கோயிலைக் கட்டினான். இந்நான்கையும் வரிசையாகத் தொழுவார் சோழர்தம் கோயிற்கலையின் வளர்ச்சியைக் கண்ணெதிரே காண்பர்.

இறைவர் ஐராவதேசுவரர், இறைவி தெய்வநாயகி. அம்மைக்கு வடபால் தனிக்கோயில் உண்டு. துருவாச முனிவரின் சாபத்தால் தன் வெண்ணிறத்தை இழந்த ஐராவதம் இப்பெருமானை வழிபட்டு மீண்டும் தன்னிறம் பெற்றது என்பதும், இயமன் தன் உடல் வெப்பம் தணியப் பெற்றான் என்பதும் தலபுராணச் செய்திகள். இயமதீர்த்தம் என வழங்கும் திருக்குளம் இன்றும் உள்ளது. வெள்ளானை வழிபட்ட இத்தலத்தின் சுவரிலே, வெள்ளானை மீதேறிக் கயிலை புகுந்த வன்றொண்டரின் வரலாறும் இடம்பெற்றிருப்பதை அன்பர் உள்ளம் எண்ணி மகிழும்.

இனி, இக்கோயிலின் உயிர்நாடியான செய்திக்கு வருவோம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள், திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், அவர்களுக்கு உடனாகக் கொட்டு வாசிப்போர் இருவரையும் மன்னன் நியமித்ததைக் கூறுகின்றன. நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், சிறுத்தொண்டர், சீராளர், மெய்ப்பொருள் நாயனார் முதலியோரின் செப்புத் திருமேனிகள் அங்கு எழுந்தருளுவிக்கப்பட்டதையும் அவையே தெரிவிக்கின்றன. அடியார்கள் கோயிலுக்குள் எழுந்தருளத் தொடங்கிய காலம் அது. பின்னர், இரண்டாம் இராசராசனின் தந்தையாகிய இரண்டாம் குலோத்துங்க சோழனாம் அநபாயனின் அமைச்சராய் விளங்கிய குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான், தில்லையம்பதியில் திருத்தொண்டர் புராணத்தை அருளினார். தந்தை காலத்தில் நூலாக மலர்ந்த அத்திருத்தொண்டர் வரலாறு, மைந்தன் காலத்தில் கல்லாக மலர்ந்தது. அதுவே தாராசுரம்.

கருவறையின் புறச்சுவரில், அடித்தளப் பகுதியிலே, தென்புறம் தொடங்கி வலமாக அறுபத்து மூவர் வரலாறும் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சியும், முதலை உண்ட பாலன் மீண்டு வந்த நிகழ்ச்சியும், கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய நிகழ்ச்சியும், சண்டேசர் தாதையின் தாள் எறிந்த நிகழ்ச்சியும் நம் கண்முன் நிற்கின்றன. பலவற்றின்மேல் இன்ன வரலாறு என்று சோழர் காலத் தமிழ் எழுத்திலே பெயரும் பொறித்துள்ளனர். குனிந்து நோக்கினாலன்றி இவை கண்ணிற் படமாட்டா. அண்ணாந்து விமானத்தை மட்டும் நோக்குவார்க்கு இவை புலப்படாமற் போவது இதனாலேதான். தஞ்சை விமானம் ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நம்மை அண்ணாக்கச் செய்கிறது. ஐந்து நிலைகளோடு ஏறத்தாழ 80 அடியே உயர்ந்த தாராசுரம் நம்மைக் குனியச் செய்கிறது. அடியார் வரலாற்றைக் கற்பார்க்குக் குனிதலே தகுதி என்பதை அக்காலச் சிற்பியர் உணர்ந்திருந்தனர் போலும்!

அறுபத்து மூவரோடு இது முடியவில்லை. வடபுறத் திருச்சுற்று மாளிகையின் சுவரிலே 108 சைவாசாரியர்களின் உருவங்கள் பெயரோடு வரிசையாக உள்ளன. திருமுறை ஓதிய பெருமக்கள் இவர்கள் என்பது அறிஞர் கருத்து. இவர்களுக்குப் புராணம் இல்லை, குருபூசை இல்லை, விழா இல்லை. வேறெங்கும் இவர்களை நாம் அறிய வழியில்லை. ஊர் நினைவிலிருந்து மறைந்துபோன ஓதுவார்களின் பெயர்களை ஒரு மதிற்சுவர் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏந்தி நிற்கிறது. மழையும் வெயிலும் அவ்வெழுத்துகளை ஆண்டுதோறும் தேய்த்து வருகின்றன. வருபவருள் அவற்றின் முன் நின்று ஒரு பெயரையேனும் வாய்விட்டுப் படிப்பவர் எத்தனை பேர்?

கோயிலின் ஏனைய சிறப்புகளை விரைந்து கூறுவோம். இராசகம்பீரன் திருமண்டபம் தேர்வடிவாக அமைந்து, உருளையோடும் பாயும் குதிரையோடும் விளங்குகிறது. இராசகம்பீரன் என்பது இரண்டாம் இராசராசனின் சிறப்புப் பெயர். சரபமூர்த்தியின் திருவுருவமும், தலை ஒன்றாகவும் உடல் இரண்டாகவும் அமைந்து ஒருபால் நோக்க இடபமும் மறுபால் நோக்க யானையுமாகத் தோன்றும் சிற்பமும் காணத்தக்கவை. பலிபீடத்தை ஒட்டிய படிகள், தட்டினால் வேறு வேறு ஒலி எழுப்புவன. அவை சிதையாதிருக்கக் கம்பித் தடுப்பு இடப்பட்டுள்ளது. முன்னிருந்த பெருங்கோபுரம் இன்று அடிப்பகுதி மட்டுமாய் நிற்கிறது. இக்கோயிலைச் சேர்ந்த சில சிற்பங்கள் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளன. கல்யாணபுரத்தை வென்று முதலாம் இராசாதிராசன் கொணர்ந்த துவாரபாலகர் சிலையும் அவற்றுள் ஒன்று. ஆகவே தாராசுரத்தை முழுதும் காண விழைவோர் தஞ்சைக் கலைக்கூடத்தையும் காணுதல் வேண்டும்.

யாத்திரை செய்வார்க்குச் சில குறிப்புகள் கூறுவது ஈண்டுப் பொருந்தும். தாராசுரத்துக்குக் காலையிற் செல்க. இப்பக்கத்துக் கோயில்கள் நண்பகலில் நடைசாத்தும் வழக்கமுடையன. பங்குனி தொடங்கி ஆடி வரை உச்சிப் பொழுதில் கருங்கல் தளம் வெறுங்காலைச் சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில், தெருமட்டத்தினும் தாழ்ந்துள்ள இக்கோயில் முற்றத்தில் நீர் தேங்குவதும் உண்டு. முதலில் பெருமானையும் அம்மையையும் வழிபடுக. பின்னர் வலம் வருக. மும்முறை வலம் வருவது நலம். முதல் வலத்தில் விமானத்தையும் கோட்டங்களையும், இரண்டாம் வலத்தில் அறுபத்து மூவரையும், மூன்றாம் வலத்தில் வடபுறத்துச் சைவாசாரியர்களையும் காணலாம். கையிலே திருத்தொண்டர் புராண வசனம் ஒன்று இருத்தல் இன்றியமையாதது. சிற்பங்களில் எண்ணெய் தடவுதல், குங்குமம் அப்புதல், கற்பூரம் ஏற்றுதல், கையால் தேய்த்துப் பார்த்தல் ஆகியவற்றை அறவே விலக்குக. அன்பினாற் செய்வதே எனினும் அவை எழுத்தை அழிக்கும். எழுத்து அழிந்தால் அடியார் பெயர் அழியும்.

ஒருநாள் முழுவதும் இப்பகுதிக்கென ஒதுக்குவோர், தாராசுரத்திலிருந்து தெற்கே பழையாறை வடதளிக்குச் செல்லலாம். மறைக்கப்பட்டிருந்த பெருமானைக் கண்டன்றி உண்ணேன் என்று அப்பரடிகள் உண்ணாநோன்பிருந்த தலம் அது. அமர்நீதி நாயனாரின் ஊரும் பழையாறையே. அடுத்துச் சம்பந்தப் பெருமானுக்கு முத்துப்பந்தர் அளித்த பட்டீச்சரமும், அப்பர் திருவடி சூட்டுமாறு வேண்டிய சத்திமுற்றமும் அருகருகே உள்ளன. அங்கே சோழன்மாளிகை என்றோர் ஊர் உண்டு. ஆரியப்படைவீடு, பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்ற ஊர்களும் சூழ உள்ளன. மன்னர் வாழ்ந்த மாளிகை ஊர்ப்பெயராக மட்டும் எஞ்சிற்று. படை நின்ற இடங்களில் இன்று நெல் விளைகிறது. மன்னன் அடியார்க்கு எடுத்த கோயில் மட்டுமே நிற்கிறது. இதனினும் தெளிவான நிலையாமை உபதேசம் வேறு வேண்டுமோ? மாலையில் திருவலஞ்சுழியும் சுவாமிமலையும் தொழலாம். தாராசுரத்துப் பட்டுநெசவும், சுவாமிமலை ஸ்தபதியர் வார்க்கும் செப்புத்திருமேனிகளும் இன்றும் வாழும் கைத்தொழில்கள்.

மறுநாள் திரிபுவனம் தொழுது குடந்தைக்கு மீண்டு, திருப்பனந்தாள், அணைக்கரை வழியாகக் கொள்ளிடம் கடந்து கங்கைகொண்ட சோழபுரம் செல்லலாம். திருப்பனந்தாளில் சாய்ந்த இலிங்கத்தைத் தம் கழுத்திற் கயிறு பூட்டி நிமிர்த்திய குங்குலியக்கலய நாயனாரை நினைக. அதனருகே சண்டேசர் அவதரித்த திருச்சேய்ஞலூரை வணங்கிச் சென்றால், கங்கைகொண்ட சோழபுரத்தில் அம்மையப்பர் அவருக்குக் கொன்றைமாலை சூட்டும் சிற்பத்தின் முன் நிற்கும்போது கண்ணீர் பெருகும். பிறந்த ஊரையும் பேறு பெற்ற காட்சியையும் ஒரே நாளிற் காணும் வாய்ப்பு எளிதிற் கிட்டுவதன்று.

அணைக்கரையைக் கடக்கையில் ஒன்றை நினைவிற் கொள்க. 1836-இல் அங்குக் கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிற்கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. வயலுக்கு நீர் வேண்டுவதே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும், கேட்பாரற்றுக் கிடந்த கோயிலாதலின் அன்றோ அதன் மதில் கற்குவியலாகக் கருதப்பட்டது? வழிபடுவோர் கைவிட்ட இடத்தைப் பிறர் எவ்வாறு மதிப்பர்?

இன்று நிலைமை மாறியுள்ளது. மத்தியத் தொல்லியல் துறை இக்கோயில்களைக் காத்து வருகிறது. தஞ்சைப் பெருங்கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சேகன் 1980-இல் வெளிவந்த தம் காஸ்மாஸ் தொலைக்காட்சித் தொடரில், அண்டத்தின் தோற்ற ஒடுக்கங்களைப் பற்றிப் பேசத் தாராசுரம் கோயிலைக் களமாகக் கொண்டார். கடல் கடந்தோர் தேடி வருகின்றனர். குடந்தையில் தங்கியுள்ள நாம் 4 கிலோமீட்டர் செல்லத் தயங்குகின்றோம். உலகம் அளித்த அப்பட்டத்தில் "வாழும்" சோழர் பெருங்கோயில்கள் என்னும் சொல் உண்டு. கல்லைத் துறையினர் காப்பர். மதிலை அரசு காக்கும். வாழும் கோயில் என்னும் சொல்லைக் காப்பாற்ற வேண்டியவர் வழிபடுவோராகிய நாமே.

ஆகவே இவ்விழாப் பந்தலில் கூடியுள்ள அன்பர்கள் முன் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாயன்மாரைத் தமக்கென வரித்துக் கொள்க. அவருடைய குருபூசை நாளன்று தாராசுரம் சென்று, ஐராவதேசுவரரைத் தொழுது, அந்நாயனாரின் சிற்பத்தின் முன் குனிந்து, அவர் வரலாற்றைக் குழந்தைகளுக்கு ஒருமுறை படித்துக் காட்டுக. பின்னர் வடபுறம் சென்று, எந்தக் குருபூசையும் இல்லாத அந்நூற்றெண்மருள் ஒருவர் பெயரையேனும் எழுத்துக் கூட்டிப் படித்து, அவர் முன் ஒரு பதிகம் ஓதுக. ஓதுவார் முன் ஓதுவதே அவர்க்குச் செய்யும் பூசை. அது நிகழும் நாளில் தாராசுரம் மீண்டும் இராசராசேச்சரம் ஆகும்.

திருச்சிற்றம்பலம்