வலை முன்பே இருந்ததா?

இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே கடக்கிறது என்பதை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இவ்விரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டறிந்தார். வலை இருப்பது உறுதியாயிற்று. அது எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்வி எஞ்சியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கேள்வி பெரும் விவாதமாக வளர்ந்தது. களம், கோழிமுட்டை. அடைகாக்கத் தொடங்கிய சில நாள்களில் மஞ்சள் கருவின்மீது செந்நிற வலையொன்று படர்கிறது. அந்நாளங்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன, நுண்மையாலும் ஒளி ஊடுருவும் தன்மையாலும் நமக்குத் தெரியவில்லை என்றார் ஆல்பிரெக்ட் வான் ஹாலர். காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்பது அவருடைய வாதம். 1759இல் தம் ஆய்வேட்டில் காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் இதற்கு மாறான முடிவை முன்வைத்தார். உறுப்பு உருவாகும் இடத்திலுள்ள நுண்ணிய உருண்டைகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகின்றன. பகுதிகளே தெரியும்போது, அவற்றாலான முழுமை மட்டும் சிறுமையால் மறைந்திருக்குமா? ஆகவே, நாளங்கள் முன்பு இல்லை. பின்னரே உண்டாகின்றன என்றார் அவர்.

உயிருள்ள கருவில் அவ்வுருவாக்கத்தைத் தொடர்ந்து கண்டு விவரிக்கும் ஆய்வு வெளிவர 160 ஆண்டுகளுக்கு மேலாயின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் சாபின், அடைகாத்தலின் இரண்டாம் நாளிலுள்ள கோழிக்கருவின் படலத்தைத் தொங்குதுளியில் உயிருடன் வைத்து நோக்கினார். 1920இல் முடிவுகளை வெளியிட்டார். நாளமாக மாறவிருக்கும் செல்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்ட் என்ற பெயரை வில்ஹெல்ம் ஹிஸ் முன்னரே சூட்டியிருந்தார். அச்செல்கள் பெருகித் திரள்களாவதையும், திரள்கள் முளைகளை நீட்டி அண்டைத் திரள்களைத் தொடுவதையும், திரளின் நடுப்பகுதி நீர்த்துக் குழலாவதையும் சாபின் விவரித்தார். குருதியோட்டம் தொடங்குமுன்பே வலையின் முதல் வடிவம் அமைந்துவிடுகிறது. உண்மை வோல்ஃபின் பக்கமே இருந்தது.

1980இல் ஜூடா ஃபோக்மனும் கிறிஸ்டியன் ஹாடன்ஷில்டும் இன்னொரு படி முன்னேறினர். தந்துகியின் உட்சுவரை அமைக்கும் எண்டோதீலியச் செல்களை உடலுக்கு வெளியே வளர்த்தபோது, அவை வளர்ப்புத்தட்டிலேயே குழல்களாகி வலையாயின. அங்கே இதயம் இல்லை, குருதியோட்டம் இல்லை, வழிகாட்ட அண்டைத் திசுக்களும் இல்லை. வலையின் வரைபடம் எந்தச் செல்லிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு செல்லும் அறிவது தன் அண்டையை மட்டுமே.

அப்படியானால் எந்த விதி அவற்றை இணைக்கிறது? இங்கே வரலாறு மீண்டும் கிளை பிரிகிறது. செல்கள் தாம் பற்றியுள்ள அடித்தளத்தை இழுக்கின்றன; இழுவிசையால் தளம் வரிவரியாகத் திரள, அவ்வரிகளின் வழியே செல்கள் நகர்கின்றன என்று 1990களில் வெர்னனும் உடன் ஆய்ந்தோரும் விளக்கினர். இதை மனுசாகி, மரே முதலியோர் 1996இல் கணித மாதிரியாக்கினர். 2003இல் காம்பா, செரினி முதலியோர் வேறொரு விளக்கம் தந்தனர். செல்கள் சுரக்கும் வேதிப்பொருளின் செறிவு எத்திசையில் மிகுகிறதோ அத்திசையில் அண்டைச் செல்கள் நகர்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 செல்களுக்குக் கீழே போனால் வலை துண்டு துண்டாகிவிடும் என்பதையும் அவர்களின் மாதிரி விளக்கியது.

இரண்டு மாதிரிகளும் வரையும் வலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மொழியியல் பயின்றோருக்கு இச்சிக்கல் புதிதன்று. ஒரே வாக்கியத் தொகுதியை இருவேறு இலக்கணங்கள் பிறப்பிக்கக்கூடும். வாக்கியங்களை மட்டும் அடுக்கிவைத்து எந்த இலக்கணம் மெய்யானது என்று தீர்மானிக்க முடியாது. செல்களின் வலையும் அத்தகையதே. படம் பொருந்துகிறது என்பதாலேயே மாதிரி மெய்யாகிவிடாது. இழுவிசை விளக்கத்தைச் சோதிக்க, தளத்தை இறுக்கமாக்கிப் பார்க்க வேண்டும். வேதிச்செறிவு விளக்கத்தைச் சோதிக்க, அப்பொருளை எங்கும் நிரப்பிச் செறிவு வேறுபாட்டையே அழித்துப் பார்க்க வேண்டும். இவ்வகைச் சோதனைகள் செய்யப்பட்டுள்ளன. இரு விளக்கங்களுக்கும் சான்று உண்டு. உடலுக்குள் இரண்டும் சேர்ந்தே இயங்குவதற்கும் தடையில்லை.

ஹாலர் தோற்றவராகவே பாடநூல்களில் இடம்பெறுகிறார். நாளங்களைப் பற்றிய அவரது முடிவு தவறுதான். ஆயினும் கண்ணுக்குத் தெரிவதோடு விளக்கம் முடிந்துவிடாது என்ற அவரது எச்சரிக்கையைப் புறந்தள்ளுவதற்கில்லை. வலை உண்டாவதை சாபின் கண்டார். அதை உண்டாக்கும் விதியை எந்த நுண்ணோக்கியும் நேரடியாகக் காட்டுவதில்லை.