வாத்தியாருக்கு அபராதம் போட்ட மாணவர்கள்

பரீட்சை எழுதி நம் தரத்தை நாம் காட்டுகிறோம். சரி, நமக்குப் பாடம் நடத்துவதன் தரத்தை யார் பார்க்கிறார்கள்?

இதற்குப் பதில் உண்டு. செனட், சிண்டிகேட், கல்விக்குழு, பாடத்திட்டக் குழு என்று எல்லாப் பல்கலைக்கழகத்திலும் குழுக்கள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் இந்தப் பெயர்களைச் சிலபஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பார்த்திருப்போம், உடனே பக்கத்தைப் புரட்டியிருப்போம். இந்தக் குழுக்கள் எங்கிருந்து வந்தன, எதைப் பார்ப்பதற்காக வந்தன என்று தேடிப் படித்தபோது எனக்குச் சுவாரசியமான ஒரு கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். "கல்வித்தரம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பது ஒன்று. கடைசியில் கொடுக்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பொலோனா: மாணவர்களின் ராஜ்யம்

இத்தாலியில் உள்ள பொலோனா ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம். அங்கே சட்டம் படிக்க வந்தவர்களில் பலர் வயதில் பெரியவர்கள், வசதியானவர்கள், ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஊருக்குப் புதியவர்கள் என்பதால் பாதுகாப்புக்காகச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்துக்குத்தான் "யூனிவர்சிட்டாஸ்" என்று பெயர். யூனிவர்சிட்டி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அதன் தலைவரான ரெக்டர் ஒரு மாணவர். ஆசிரியர்கள் அவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும்!

1317-லிருந்து நமக்குக் கிடைக்கும் அவர்களுடைய சட்டவிதிகளைப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பொறாமையும் வரும். அனுமதி இல்லாமல் ஆசிரியர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கக் கூடாது. வெளியூர் போவதானால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்ட வேண்டும். மணி அடித்ததும் பாடத்தைத் தொடங்க வேண்டும், அடுத்த மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வகுப்புக்கு ஐந்து மாணவர்கூடச் சேரவில்லை என்றால் ஆசிரியர் வரவில்லை என்றே கணக்கு, அபராதம் உண்டு. எந்த அத்தியாயத்தையும் தாண்டிப் போகக் கூடாது. கஷ்டமான பகுதியை "அப்புறம் பார்க்கலாம்" என்று கடைசிக்குத் தள்ளவும் கூடாது. புத்தகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, இந்தத் தேதிக்குள் இந்தப் பகுதி முடிந்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. நம் பாஷையில் சொன்னால் போர்ஷன் முடிப்பதற்கும் கெடு!

இதையெல்லாம் கண்காணிக்க மாணவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். விதியை மீறிய ஆசிரியரைப் பற்றி ரெக்டரிடம் புகார் சொல்வது அவர்கள் வேலை. கற்பித்தலைக் கண்காணிக்கும் குழு என்று சொன்னால் எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான குழு இருந்ததில்லை.

இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? ஆசிரியருக்குச் சம்பளம் மாணவர் கொடுத்த பணம். பிடிக்கவில்லை என்றால் கூட்டமாக வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதுவா பல்கலைக்கழகம் 1222-ல் பிறந்ததே அப்படிக் கிளம்பி வந்தவர்களால்தான். பிறகு பொலோனா நகராட்சியே ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கியது. பணம் கை மாறியதும் அதிகாரமும் மெல்ல மெல்லக் கை மாறியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உச்ச காலத்திலும் பட்டம் கொடுக்கும் பரீட்சை மாணவர்கள் கையில் இல்லை. பரீட்சை நடத்தியது ஆசிரியர்களின் தனிச் சங்கம். 1219-ல் போப் மூன்றாம் ஹொனோரியஸ், ஊர்ப் பெரிய பாதிரியாரான ஆர்ச்டீக்கனின் சம்மதம் இல்லாமல் பட்டம் தரக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆக, வகுப்பை மாணவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டத்தை ஆசிரியரும் திருச்சபையும் பார்த்துக்கொண்டார்கள்.

பாரிஸ்: ஆசிரியர்களின் சங்கம்

பாரிஸில் நேர்மாறு. அங்கே சங்கம் வைத்தவர்கள் ஆசிரியர்கள். அவர்களுடைய கவலை, யார் ஆசிரியராகலாம் என்பது. 1215-ல் போப்பின் தூதர் ராபர்ட் தெ கூர்சோன் வகுத்த விதிப்படி, கலைப் பாடங்கள் நடத்துபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு ஆண்டுகள் பாடம் கேட்டிருக்க வேண்டும். இறையியல் நடத்துபவருக்கு 35 வயது.

தகுதியான ஆள் உள்ளே வந்துவிட்டால் பாடம் தானாக நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இது. இன்றும் நெட், செட், பிஎச்.டி. என்று தகுதி வைப்பதற்குப் பின்னால் இருப்பது இதே நம்பிக்கைதான்.

லண்டனும் சென்னையும்: விடைத்தாள் போதும்

இப்போது 600 ஆண்டுகளைத் தாண்டுவோம், ஏனென்றால் நம் ஊர்க் கதைக்கு வேர் அங்கே இருக்கிறது. 1836-ல் லண்டன் பல்கலைக்கழகம் புது மாதிரியாகத் தொடங்கியது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. 1854-ல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இந்தியாவுக்கும் இதே மாதிரியைப் பரிந்துரைத்தது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறந்தன.

இதில் வகுப்பறை எங்கே போயிற்று என்று பார்க்க ஓர் உதாரணம் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் உருவானது வட்டுக்கோட்டை செமினரியில். அந்த செமினரி 1855-லேயே மூடப்பட்டுவிட்டது, அதாவது பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே. அவர்களை உருவாக்கிய வகுப்பறையைப் பல்கலைக்கழகம் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. விடைத்தாள் போதும்.

தாமோதரம் பிள்ளை போன்ற மேதைக்கு இது வாசலைத் திறந்துவிட்டது. பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து நமக்குத் தந்தவர் அவர். ஆனால் எல்லோரும் தாமோதரம் பிள்ளை இல்லையே! பரீட்சை மட்டும்தான் அளவுகோல் என்றால் பரீட்சைக்கு மட்டுமே படிப்பார்கள். நோட்ஸ் புத்தகமும் மனப்பாடமும் பெருகின. 1902-ல் தாமஸ் ராலே தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கமிஷன், இந்திய உயர்கல்வியின் பெரிய தீமை பரீட்சைக்குக் கற்பித்தல் அடிமைப்பட்டுக் கிடப்பதே என்று சொன்னது. சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது :-)

குழுக்கள் வருகின்றன

கமிஷனுக்குப் பிறகு 1904-ல் கர்சன் பிரபு சட்டம் கொண்டுவந்தார். கல்லூரிக்கு இணைவு வேண்டும் என்றால் ஆசிரியர்களின் தகுதி, கட்டடம், நூலகம், விடுதி, நிதி எல்லாம் சிண்டிகேட்டுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். அவ்வப்போது கல்லூரிக்குப் போய் ஆய்வும் நடத்த வேண்டும். அரசாங்கத்தின் பிடியை இறுக்கும் சட்டம் என்று தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பல்கலைக்கழகம் முதல்முறையாகக் கல்லூரி வாசலுக்கு வந்தது இந்தச் சட்டத்தால்தான். வந்தவர்கள் அலமாரியை எண்ணலாம், புத்தகத்தை எண்ணலாம். பாடம் நன்றாக நடக்கிறதா என்பதை எப்படி எண்ணுவது?

அடுத்தது 1917-ல் அமைந்த சாட்லர் கமிஷன். படிப்பு சம்பந்தமான முடிவுகளைப் படிப்பு தெரிந்தவர்களிடம் விட வேண்டும் என்பது அதன் கருத்து. அதன் தாக்கத்தில் 1923-ல் வந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தில் கல்விக்குழு ஒன்று உருவானது. நாம் சிலபஸ் புத்தகத்தில் பார்க்கும் பெயரின் பூர்வீகம் இதுதான்.

பிறகு கோத்தாரி கமிஷன் (1964-66) சொன்ன யோசனைப்படி தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தன. சென்னையில் லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி ஆகியவை 1978-ல் தன்னாட்சி பெற்றன. பாடம் நடத்துபவரே பாடத்திட்டம் வகுத்து, கேள்வித்தாளும் எடுக்கலாம். 1857-ல் பிரிந்துபோன வகுப்பும் பரீட்சையும் மறுபடி ஒரே கூரைக்குள் வந்தன. கூடவே "இன்டர்னல் மார்க்" என்ற பயமும் வந்தது!

1994-ல் நாக் என்ற தேசியத் தரமதிப்பீட்டுக் குழு பெங்களூரில் தொடங்கியது. 2017-ல் அது கொண்டுவந்த மாற்றத்தில் மாணவர் திருப்தி ஆய்வும் சேர்ந்தது. ஆசிரியர் எவ்வளவு பாடம் முடித்தார், எவ்வளவு தயாராக வந்தார் என்றெல்லாம் மாணவர்களிடமே கேள்வி. பொலோனாவின் மாணவன் 700 வருடம் கழித்து ஒரு கேள்வித்தாள் வடிவில் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக

இந்தக் கதையில் நான் பார்ப்பது இதுதான். குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் குழு பார்க்கும். மாணவர் உட்கார்ந்தபோது மணி அடிப்பதும் போர்ஷனும் தெரிந்தன. ஆசிரியர் உட்கார்ந்தபோது தகுதி தெரிந்தது. அரசாங்கம் உட்கார்ந்தபோது கட்டடமும் நிதியும் தெரிந்தன.

பொலோனா மாதிரி அபராதம் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியரைப் பயமுறுத்தி மணிக்கு முடிக்க வைக்கலாம், நன்றாக நடத்த வைக்க முடியாது. எந்தப் பாடம் ஆழமாக இருக்க வேண்டும் என்று அதை இன்னும் படிக்காத நாம் முடிவு செய்யவும் முடியாது. ஆனால் வகுப்பில் தினமும் உட்கார்ந்திருப்பது நாம் மட்டும்தான். ஆய்வுக்கு வருபவர்கள் இரண்டு மூன்று நாளில் போய்விடுவார்கள்.

அதனால் அடுத்த முறை கருத்துப் படிவம் கையில் வந்தால், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று டிக் அடித்துவிட்டு கேன்டீனுக்கு ஓடாதீர்கள். நண்பர்களே, ஒரு காலத்தில் அந்தக் காகிதத்துக்காகத்தான் மாணவர்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.