மெட்டு மாறாத பாட்டு

நம் சங்க விழாக்களில் இளைஞர் சிலர் சினிமாப் பாட்டின் மெட்டில் லேக் மார்க்கெட் காய்கறி விலையை ஏற்றிப் பாடுவதும், சபை குலுங்கிச் சிரிப்பதும், 'இதுவும் ஒரு கலையா?' என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் வழக்கம். இக்கேள்விக்கு நாம் குடியேறி வாழும் இந்நகரின் வரலாற்றிலேயே விடை உண்டு.

1906 டிசம்பரில் இங்குக் கூடிய காங்கிரஸ் மகாசபையில், தலைவர் தாதாபாய் நௌரோஜி 'சுயராஜ்யம்' என்ற சொல்லை முழங்கினார். அச்சபைக்கு வந்திருந்தவர்களுள் நம் பாரதியாரும் ஒருவர். பின்னர் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டார். சிதம்பரம் செல்ல விடைகேட்ட நந்தனை ஆண்டையாகிய வேதியர் ஏசும் பாட்டு அது. மெட்டு மாறவில்லை. வேதியர் இடத்தில் ஆங்கில உத்தியோகஸ்தனும், நந்தன் இடத்தில் சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசியும் வந்து நின்றனர். கதாகாலட்சேபத்தில் நந்தனுக்காகக் கண்ணீர் உகுத்துப் பழகியவர்களுக்கு வியாக்கியானம் எதற்கு? நந்தன்மேல் விழுந்த ஏச்சு எத்துணைக் கொடியது என்பதுகூட, தம்மேல் விழுந்த பிறகே சிலருக்கு உறைத்திருக்கும் என்பது நம் எண்ணம்.

வங்காளத்தில் இக்கலைக்குப் பேர்போனவர், 1863இல் கிருஷ்ணநகரில் பிறந்த துவிஜேந்திரலால் ராய். சீமையில் விவசாய சாஸ்திரம் பயின்று திரும்பியவர். பிராயச்சித்தம் செய்துகொள்ள மறுத்ததால் சமூகம் அவரை ஒதுக்கிவைத்தது. டிப்டி மாஜிஸ்திரேட் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'ஹாசிர் கான்' என்னும் சிரிப்புப் பாட்டுக்களை இயற்றித் தாமே பாடினார். போலித் தேசபக்தரும், சீமை சென்று மீண்ட கனவான்களும் அவர் பாட்டுக்குத் தப்பவில்லை. தாமும் சீமை சென்று மீண்டவரே அல்லவா? அதனால் அந்தக் கேலியில் விஷமில்லை.

ஆனால் 1912இல் அவர் எழுதிய 'ஆனந்த பிதாய்' என்னும் கேலி நாடகம் ரவீந்திரநாத தாகூரைக் குறிவைத்தது. ராயின் கவிதைகளை முன்னர் மனமாரப் பாராட்டியவர் தாகூர். நாடகம் அரங்கேறியபோது அவர் கடல்கடந்து சென்றிருந்தார். ஸ்டார் தியேட்டரில் சபையோர் கொதித்தெழுந்து கூச்சலிட, ராய் அரங்கை விட்டு வெளியேற நேர்ந்தது. 1913 மே மாதம் அவர் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இம்முறை நம் இளைஞர்கள் சங்கத்தின் காரியக் கமிட்டியையே பாடப்போவதாகக் கேள்வி. கமிட்டியில் நாமும் இருக்கிறோம். முன்வரிசையில் இடம் பிடித்துவைத்திருக்கிறோம்.