குடிவந்த சங்கீதம்

மதுக்கடையில் சங்கீதம் என்றால் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அயர்லாந்துக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். அந்த நாட்டுச் சங்கீதம் குடியிருப்பதே தெருமுனை மதுக்கடையில்தான் என்பார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. மூலை மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் பிடிலும் புல்லாங்குழலும் அக்கார்டியனுமாக உட்கார்ந்து நடன மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பார்கள். தெரிந்த மெட்டு வந்தால் யாரும் சேர்ந்துகொள்ளலாம், தெரியாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஆயிரம் வருஷத்துப் பழக்கம்போல் தோன்றும். உண்மையில் இந்த வழக்கத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அது வேர்பிடித்த இடங்களில் முதன்மையானதும் அயர்லாந்து அல்ல, லண்டன்!

இந்த மெட்டுகளின் பழைய வீடு சமையலறை. குளிர் நாட்டில் அடுப்பு எரிகிற அறைதான் வீட்டின் கூடம். இரவில் அக்கம்பக்கத்தார் அங்கே கூடுவார்கள். ஒருவர் பிடிலை எடுத்தால் மற்றவர்கள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். 1925-இல் கத்தோலிக்க பிஷப்புகள் நடனக் கூடங்களைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். 1935-இல் சர்க்கார் ஒரு சட்டமே கொண்டுவந்தது: பொது நடனம் நடத்த வேண்டுமானால் நீதிபதியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். சமையலறையில் ஆடக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை எழுதுகிறவர் ஒருவர், அமுல் நடத்துகிறவர் இன்னொருவர் அல்லவா? பாதிரியாரும் போலீஸும் வீட்டுக் கதவைத் தட்டிய ஊர்களும் உண்டு.

சட்டம் பாதி செய்ததை வறுமை முடித்து வைத்தது. 1951-க்கும் 1961-க்கும் இடையில் சுமார் 4 லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1961-இல் மிஞ்சிய ஜனத்தொகை 28 லட்சம். போனவர்களில் பெரும்பாலோர் கரையேறியது இங்கிலாந்தில். ஆண்கள் கட்டட வேலைக்கும் ரோடு வேலைக்கும், பெண்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். வாடகை அறையில் பிடிலை எடுத்தால் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? கணப்பும் நாற்காலியும் நாலு ஊர்க்காரர்களும் கிடைக்கிற இடம் மதுக்கடை ஒன்றுதான். சங்கீதம் அங்கே குடிபோயிற்று.

1960-களில் வடக்கு லண்டனில் ஹாலோவே பகுதியில் 'பேவரிட்' என்று ஒரு மதுக்கடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐரிஷ்காரர்கள் அங்கே கூடுவார்கள். சட்டப்படி அன்று பகல் விற்பனை 12 மணியிலிருந்து 2 மணி வரைதான். அங்கே வாசித்தவர்களில் கிளேர் ஜில்லாவிலிருந்து வந்த பாபி கேசி ஒருவர். கால்வேயிலிருந்து நர்ஸாக வந்த லூஸி பார் ஒருவர். கெர்ரியில் பிறந்த ஜூலியா கிளிபோர்ட் ஒருவர். மூவருமே பிடில்காரர்கள். ஜில்லாவுக்கு ஜில்லா வில் பிடிக்கும் தினுசு வேறு. ஊரிலேயே இருந்திருந்தால் அவரவர் பாணி அவரவர் மலைச்சரிவோடு நின்றிருக்கும். பிழைக்க வந்த ஊர் அவர்களை ஒரே கடையில் சேர்த்து வைத்தது.

தாய்நாடும் சும்மா இருக்கவில்லை. 1951-இல் முல்லிங்கர் நகரத்தில் இந்தச் சங்கீதத்துக்கென்று ஒரு விழா பிறந்தது. 1960-களில் டப்ளின் மதுக்கடைகளிலும் பிடில் ஒலித்தது. புறப்பட்டுப் போனவர்களின் பழக்கம் நாளடைவில் தாய்நாட்டின் 'புராதன'ப் பழக்கமாயிற்று.

இதற்காக மதுக்கடைக்குக் கோயில் கட்ட நான் தயாரில்லை. மெட்டுகளைக் காப்பாற்றிய அதே மேஜைகளில் வாரக் கூலியைத் தொலைத்தவர்களும் உண்டு. அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்வேன்: அவர்கள் அங்கே தேடிப்போனது குடியை மட்டுமல்ல, இழந்துபோன சமையலறையை.

'பேவரிட்' வாசிப்பை ஒலிப்பதிவு செய்து 1968-இல் 'பேடி இன் தி ஸ்மோக்' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பேடி என்பது ஐரிஷ்காரனுக்கு வைத்த பட்டப்பெயர். ஸ்மோக், புகை மண்டிய லண்டனுக்கு. கேட்டுப் பாருங்கள். பிடிலுக்குப் பின்னால் பேச்சுக் குரல்கள் கேட்கும். கச்சேரியில் அது இடைஞ்சல். எனக்கென்னவோ, அடுப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டிருப்பதுபோலவே இருக்கிறது.